மருந்தில்லாத மாத்திரையும் மனித மனமும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் இறைவனுக்கு நன்றி சொல்லக் கூடியிருக்கிறோம். இந்த வேளையில் உடல்நலத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எதைச் சொல்வது என்று யோசித்தபோது, நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் இரண்டு பேச்சுகள் நினைவுக்கு வந்தன. ஒன்று: "டாக்டரு ஊசியே போடல, அப்புறம் எப்படிச் சரியாகும்?" மற்றொன்று: "இப்பத்தான் உடம்பு நல்லாயிருக்கே, இன்னும் மாத்திரை எதுக்கு?"

முதல் பேச்சால் நம் கைப்பணம் போகும். இரண்டாவது பேச்சால் உயிரே போகக்கூடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உடம்பு நலமாவது வேறு, நலமானதுபோல் தோன்றுவது வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. அதைப் பிரித்துக் காட்டுவதற்கு மருத்துவ விஞ்ஞானம் ஒரு கருவியைக் கையாளுகிறது. அதன் பெயர் பிளாசிபோ. தமிழில் மருந்துப்போலி என்று சொல்கிறார்கள்.

நம் கோவில் சொல்

பிளாசிபோ என்பது லத்தீன் சொல். அது ஆஸ்பத்திரியில் பிறந்த சொல் அல்ல, கோவிலில் பிறந்த சொல் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். மரித்தோருக்காகத் திருச்சபை சொல்லிவந்த மாலைக் கட்டளைச் செபம் பழைய லத்தீன் முறையில் இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். 116ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த சொல் அது. 'உகந்தவனாவேன்' என்பது பொருள். மத்திய காலத்து ஐரோப்பாவில் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்காகவும் காசுக்காகவும் வந்து, உறவினரைப்போல் நின்று இந்தச் செபத்தைப் பாடியவர்கள் உண்டு. 'பிளாசிபோ பாடுகிறவன்' என்றால் மெய்யான துக்கம் இல்லாமல் வாயளவில் ஆறுதல் சொல்கிறவன் என்று பொருளாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் வைத்தியர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நோயைத் தீர்ப்பதற்கென்றில்லாமல், நோயாளியின் மனத்தைத் திருப்திப்படுத்தக் கொடுக்கும் மருந்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

இன்று பிளாசிபோ என்றால் சர்க்கரை மாத்திரை, உப்புநீர் ஊசி, வெறும் கலர்த் தண்ணீர் போன்றவை. பார்வைக்கு மருந்து, உள்ளே மருந்து இல்லை. நம் ஊரில் நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அசல் ஜரிகையும் போலி ஜரிகையும் ஒரே மாதிரி மின்னும். மினுக்கை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியுமா? உரைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

மருந்தில்லாமலே சுகமாவது எப்படி?

சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களிலும் பலர் "சுகமாயிற்று" என்று சொல்லுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பல நோய்கள் தாமாகவே தீரும். சளி ஒரு வாரத்தில் போய்விடும். அசுத்தமான தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் யார் எந்த இலையை அரைத்துக் கொடுத்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கும். பாம்புக்கடியும் அப்படித்தான். கடித்த பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிப்பதுண்டு. அப்படிப் பிழைத்தவர்களைக் காட்டி மந்திரித்தவர் பேர் வாங்குகிறார். விஷம் ஏறியவரோ அவர் வீட்டுத் திண்ணையிலேயே நேரத்தை இழந்து போகிறார்.

இரண்டாவது, வலி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தறிக்குழியில் நாள் முழுவதும் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு இடுப்பு வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் அவர் ஆரணிக்கோ போளூருக்கோ பஸ் ஏறுவார். உச்சத்துக்கு ஏறிய வலி அடுத்த நாலைந்து நாளில் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. அன்றைக்குப் போட்ட ஊசி அதற்கு உரிமை கொண்டாடும்.

மூன்றாவது காரணம்தான் மெய்யான பிளாசிபோ விளைவு. வெள்ளைச் சட்டை, ஊசி, மருந்து வாசனை, டாக்டரின் அன்பான பேச்சு ஆகியவற்றைக் கண்டதும் "இனி சரியாகிவிடும்" என்று மனம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு உடலிலும் வேலை செய்கிறது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு, மூளையில் சுரக்கும் வலிநிவாரணிப் பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, குறைந்த வலி மறுபடி கூடியது. அப்படியானால் அந்த நிவாரணம் வெறும் கற்பனை அல்ல. மனம் எதிர்பார்க்க, மூளையே வலிக்கு மருந்து சுரந்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கெடுதல் வரும் என்று எதிர்பார்த்தால் கெடுதலும் தோன்றும். இதை நோசிபோ என்பார்கள். கோவிட் தடுப்பூசி வந்த காலத்தில் நம்மில் எத்தனை பேர் பயந்து ஒளிந்தோம் என்பது நமக்கே தெரியும். 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. தடுப்பு மருந்தே இல்லாத ஊசியைப் பெற்றவர்களிலும் 100க்கு 35 பேர், முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி போன்ற ஏதாவது ஒன்று வந்ததாகச் சொன்னார்கள்.

உணர்வு ஒன்று, நுரையீரல் ஒன்று

அப்படியானால் மனம் இருந்தால் போதும், மருந்து எதற்கு என்று யாராவது கேட்கலாம். அங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுமார் 40 ஆஸ்துமா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் மெய்யான மருந்துள்ள உறிஞ்சி, ஒரு நாள் மருந்தில்லாத உறிஞ்சி, ஒரு நாள் போலி ஊசிக்குத்து வைத்தியம், ஒரு நாள் ஒன்றுமே இல்லை என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். "எவ்வளவு சுகம்?" என்று கேட்டபோது மெய் மருந்துக்கு 100க்கு 50 என்றார்கள். போலிகளுக்கு 45, 46 என்றார்கள். ஏறக்குறைய சமம்! பிறகு ஊதச் சொல்லிக் கருவியால் மூச்சை அளந்தார்கள். மெய் மருந்தால் மூச்சின் வேகம் 20 சதவீதம் கூடியிருந்தது. போலியால் சுமார் 7 சதவீதம். ஒன்றும் செய்யாத நாளிலும் அதே 7 சதவீதம்தான்.

இதை மறந்துவிடாதீர்கள். நோயாளி நலமானதாக உணர்ந்தார், நுரையீரல் நலமாகவில்லை. இரவில் மூச்சு முட்டும்போது காப்பாற்றப்போவது உணர்வா, நுரையீரலா?

வலி, அசதி, குமட்டல், மனக்கலக்கம் ஆகியவற்றை மருந்துப்போலி தணிக்கலாம். கிருமியை அது கொல்லாது. கட்டியைக் கரைக்காது. நாய்க்கடி விஷத்தை முறிக்காது. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தவர் என்று உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உண்டு. அங்கே மந்திரித்த கயிறு உதவாது. உடனே புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் தடுப்பூசியும்தான் உதவும்.

நமக்கு அடுத்த மாவட்டத்தில் நடந்தது

மருந்துப்போலியை நோயாளியைத் திருப்திப்படுத்த மட்டும் பயன்படுத்தினால் அது சின்ன விஷயம். உண்மையை உரைத்துப் பார்க்கப் பயன்படுத்தினால் அது பெரிய விஷயம். உலகமே திரும்பிப் பார்த்த அப்படிப்பட்ட ஒரு சோதனை நம் பக்கத்திலேயே நடந்தது.

அப்போது நாம் வட ஆற்காடு மாவட்டம். நமக்குக் கிழக்கே அடுத்த மாவட்டம் செங்கற்பட்டு. 1968ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதியில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மெய்யான பி.சி.ஜி.; சிலருக்கு பி.சி.ஜி. இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவாயிற்று. ஊசி பெற்றவருக்கும் தெரியாது, பிற்பாடு நோய் வந்ததா என்று பரிசோதித்தவருக்கும் தெரியாது.

ஏன் இத்தனை மறைப்பு என்று கேட்பீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் சேலையைத் தரம் பிரிக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இது இன்னார் நெய்த சேலை என்று தெரிந்துவிட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் கண் கொஞ்சம் சாயும். வேண்டியவர் சேலையில் ஊடை அறுந்தது தெரியாது. வேண்டாதவர் சேலையில் இல்லாத குறையும் தெரியும். பெயர்ச் சீட்டை எடுத்துவிட்டுச் சேலையை மட்டும் வைத்தால் உண்மையான தரம் தெரியும். மருத்துவச் சோதனையிலும் அதே நியாயம்தான்.

1950களில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. நன்றாகப் பலன் தந்திருந்தது. ஆகவே இங்கும் அப்படியே இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1979இல் முதல் அறிக்கை வந்தது. நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை, மருந்து பெற்றவர்களுக்கும் போலி பெற்றவர்களுக்கும் இடையே பாதுகாப்பு என்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 15 ஆண்டுக் கணக்கு 1999இல் வெளியானபோதும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்றும், குழந்தைகளுக்கு 100க்கு 27 என்ற குறைந்த அளவே உண்டு என்றும் தெரிந்தது.

தாய்மார்கள் இதைக் கேட்டுவிட்டு, குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. மூளைக் காய்ச்சலாகவும் உடல் முழுவதும் பரவுவதாகவும் சின்னக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறார்கள். திருவள்ளூர்ச் சோதனை சொன்னது வேறு. அந்தத் தழும்பை நம்பிப் பெரியவர்கள் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதுதான் ஊரைக் காக்கும் வழி. வெறும் திரவம் பெற ஒப்புக்கொண்ட அந்தக் கிராமத்து ஏழை எளியவர்கள் இல்லாவிட்டால் இந்த உண்மை நமக்குத் தெரிந்திராது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்கும் முன்னால் இன்னொரு நற்செய்தியும் தமிழ்நாட்டிலிருந்தே உலகுக்குப் போயிருந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் (நம் பக்கத்துச் சேத்துப்பட்டு அல்ல) காசநோய் மருந்தாய்வு நிலையம் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் காற்றோட்டமான சானடோரியம், படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் சிகிச்சையின் உயிர் என்று எல்லோரும் நம்பினார்கள். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கமான வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959இல் அறிவித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான், நோயைத் தீர்த்தது மருந்து என்பது விளங்கியது. உலகம் முழுவதும் ஏழைகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி திறந்தது.

விசுவாசமும் ஒரு மருந்துப்போலியா?

இப்போது உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அப்படியானால் செபம், தீர்த்தம், நோயில்பூசுதல் எல்லாமே பிளாசிபோதானா என்று. கூச்சமில்லாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

திருச்சபை ஒருநாளும் இந்தக் கேள்விக்குப் பயந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சு நாட்டில் மார்த்தா என்ற பெண்ணைப் பேய் பிடித்திருப்பதாகக் கூட்டம் கூடியது. ஆஞ்சேர் நகரத்து ஆயர் அவளைச் சோதித்தார். தீர்த்தத்தைச் சாதாரணத் தண்ணீரைப்போல் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. சாதாரணத் தண்ணீரைத் தீர்த்தம் என்று காட்டினார், உடனே துடித்தாள். பேயோட்டும் செபம் என்று சொல்லி ஒரு பழைய லத்தீன் காவியத்தை வாசித்தார், அதற்கும் துடித்தாள். ஆயருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மருத்துவர்கள் மருந்துப்போலிச் சோதனையைக் கையாளத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அதே முறையைக் கையாண்டவர் நம் ஆயர் ஒருவர்!

லூர்து அன்னைமீது நமக்குள்ள பக்தியைச் சொல்ல வேண்டியதில்லை. சேத்துப்பட்டு ஆலயத்துக்கு ஆண்டுதோறும் போய்வருகிறவர்கள் நாம். அந்த லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்குகிறது. சுகமானேன் என்று யார் சொன்னாலும் அவர்கள் உடனே மணியடிப்பதில்லை. நோய் கடுமையானதுதானா, சான்று இருக்கிறதா, மருந்தால் தீர்ந்ததா, தானாகவே தீரக்கூடியதா, சுகம் முழுமையானதா, நிலைத்ததா என்று துருவிப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அறிவித்தும் இதுவரை திருச்சபை புதுமை என்று ஏற்றவை 70க்குச் சற்றே கூடுதல். மனத்தால் மட்டும் விளைந்த சுகத்தைப் புதுமை என்று சொல்ல நம் தாய்த் திருச்சபை மறுக்கிறது.

அன்னையைக் கண்ட பெர்னதெத்தே சிறு வயது முதல் ஆஸ்துமாவால் வருந்தி, 1879இல் தம் 35ஆம் வயதில் காசநோயால் மரித்தார். அவர் விசுவாசத்தில் குறை இருந்ததென்று யார் சொல்வார்? அன்று காசநோய்க்கு மருந்து இல்லை. இன்று இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. செபம் மருந்துக்குப் பதில் அல்ல. மருந்தும் செபத்துக்குப் பதில் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

முடிவாக மூன்று விஷயங்களைச் சொல்லி அமர்கிறோம்.

ஒன்று, ஊசி கேட்டு டாக்டரை நச்சரிக்க வேண்டாம். "இது எதற்கு ஊசி?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதற்காகப் போட்ட சத்து ஊசி நம் பணத்தைத்தான் கரைக்கும்.

இரண்டு, நலமான உணர்வை நலம் என்று எண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள். காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், தறியில் உட்காரத் தெம்பு வரும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் ஆகும். நடுவில் விட்டால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். அது வீட்டாருக்கும் பரவலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும்கூட நம் உணர்வு சாட்சியல்ல, பரிசோதனைதான் சாட்சி.

மூன்றாவது மகிழ்ச்சியான விஷயம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட குடல் உபாதையுள்ள 262 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 100க்கு 28 பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். தோலில் ஏறாத போலி ஊசிக்குத்து வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 44 பேர். அதே போலி வைத்தியத்தோடு, அருகில் அமர்ந்து முக்கால் மணி நேரம் பரிவோடு பேசிக் கேட்டபோது 62 பேர். மருந்து இரண்டிலும் இல்லை. கூடுதலாக இருந்தது மனிதர் ஒருவரின் கரிசனைதான்.

இந்தக் கரிசனையைக் கொடுக்க டாக்டர் பட்டம் வேண்டாம். நம் வின்சென்ட் தே பால் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளிகளைச் சந்திக்கப் போகிறார்கள். அந்தச் சந்திப்பு வீண் சடங்கு அல்ல; வேதனையை மெய்யாகவே குறைக்கிறது. மரித்தோர் வீட்டில் கூலிக்குப் பாடியவர்களின் பெயரைத் தாங்கிய சொல் பிளாசிபோ. நாம் கூலிக்குப் பாடுகிறவர்களாய் இராமல், உயிரோடிருக்கும்போதே நோயாளியின் பக்கத்தில் உட்காருவோம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். சேர்ந்து செபிப்போம். எழுந்து வருமுன் மறக்காமல் ஒரு கேள்வி கேட்போம்: "அண்ணே, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கில் எந்த வீட்டிலும் பாதியில் நிறுத்திய மருந்தால் ஒரு விளக்கு அணையக் கூடாது. அதற்கு ஆண்டவர் நமக்குத் துணையிருப்பாராக.